குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்த நீதிபதி லஞ்ச வழக்கை விசாரிக்கலாமா?

மர்பிடவுன் மணி

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

என் மாமனார் 2019இல் இங்கே பெங்களூரில் ஒரு அரசு ஆபீசில் வீட்டுக் கத்தா (சொத்துப் பதிவேட்டுப் பெயர்) மாற்றுவதற்காக நடையாய் நடந்தார். பைலைக் கவனிக்கிற கேஸ் ஒர்க்கர் காசு கேட்டிருக்கிறார். மாமனார் அந்தக் காலத்து மில் யூனியன் ஆள், விடுவாரா? ஏசிபியில், அதாவது அப்போதிருந்த ஊழல் தடுப்புப் பிரிவில், புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பவுடர் தடவிய நோட்டு, சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டர், கூடவே ஒரு சாட்சி, அந்த ஆள் கையை நனைத்ததும் டம்ளரில் இருந்த சோடாக் கரைசல் ரோஸ் கலரானது வரை எல்லாம் முறைப்படி நடந்தது. அப்புறம் ஏசிபியே இல்லாமல் போய், பைல் லோகாயுக்தா போலீசுக்குப் போய், மனு மேல் மனு, வாய்தா மேல் வாய்தா.

இப்போது விஷயம் இதுதான். மாமனாரைச் சாட்சியாக அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணை பழைய நீதிபதி முன்னால் முடிந்தது. குறுக்கு விசாரணைக்குப் போனால் நாற்காலியில் வேறு ஒருவர். அவர் இதற்கு முன் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குகள் பார்த்தவராம். வராண்டாவில் யாரோ, "இவருக்கு ஊழல் கேஸ் பார்க்கத் தகுதியே கிடையாது, தீர்ப்பு வந்தாலும் ஹைகோர்ட்டில் நிற்காது" என்று கொளுத்திப் போட்டுவிட்டார்கள். மனுஷனுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. உண்மையிலேயே தகுதி என்று தனியாக ஏதாவது இருக்கிறதா?

சிட்டி சிவில் சேகர்

இருக்கிறது, ஆனால் வராண்டாவில் சொன்ன மாதிரி இல்லை. உங்கள் மாமனாரை நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

ஊழல் தடுப்புச் சட்டம் 1988, மூன்றாவது பிரிவு. லஞ்ச வழக்குகளை விசாரிக்கச் சிறப்பு நீதிபதிகளை மத்திய அரசோ மாநில அரசோ அறிவிக்கை போட்டு நியமிக்கலாம். யாரை நியமிக்கலாம்? செஷன்ஸ் நீதிபதி, கூடுதல் செஷன்ஸ் நீதிபதி, உதவி செஷன்ஸ் நீதிபதி. இந்த மூன்றில் ஒரு பதவியில் இப்போது இருக்கிறவராகவோ முன்பு இருந்தவராகவோ இருந்தால் போதும். சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

இங்கே குடும்ப நீதிமன்றத்துக்குப் போடப்படுகிறவர்களும் மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் உள்ளவர்கள்தான். நம் சிட்டி சிவில் கோர்ட்டிலேயே பாருங்கள், போன வருடம் சொத்துப் பாகப்பிரிவினை கேட்டவர் இந்த வருடம் கொலை வழக்கு கேட்பார். ஆள் ஒன்று, பலகை வேறு. பதவியின் பெயரே சிவில் மற்றும் செஷன்ஸ் நீதிபதிதான்.

மற்ற செஷன்ஸ் வழக்குகள் மாதிரி போலீஸ் குற்றப்பத்திரிகையை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்து, அவர் செஷன்சுக்கு அனுப்பி என்ற சுற்றும் இதில் கிடையாது. சிறப்பு நீதிபதி நேராகவே வழக்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்ரீராம்புரம் சிவா

சேகர் சார் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டார், சரி. காகிதத்தில் எல்லோருக்கும் தகுதி இருக்கத்தான் செய்யும். ஆனால் அரசாங்க ஆள் லஞ்சம் வாங்கினான் என்பது வழக்கு. அதை விசாரிக்கிற நீதிபதியை அறிவிக்கை போட்டு நியமிப்பதும் அதே அரசாங்கம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பூனையையே கேட்கிற கதையாக அல்லவா இருக்கிறது?

சிட்டி சிவில் சேகர்

சிவா, அறிவிக்கை அரசு பெயரில் வரும். எந்த நீதிபதியை எந்த ஊரில் உட்கார வைப்பது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அரசியலமைப்பின் 235ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை 2003 நவம்பரில் சென்னையிலிருந்து இங்கே மாற்றியபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே எழுதியது: கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து சிறப்பு நீதிமன்றம் அமைக்க வேண்டும். அரசே தன்னிச்சையாக ஒருவரைப் பிடித்துப் போட முடியாது.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளைப் பார்க்கும் சிறப்பு நீதிபதிகளை மறு உத்தரவு வரும்வரை அதே இடத்தில் தொடர வேண்டும் என்று சொன்னது. உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்த வழக்குகளை அரசு வாபஸ் வாங்கவும் கூடாது என்றது.

ஸ்ரீராம்புரம் சிவா

அதாவது எம்.எல்.ஏ. மாட்டினால் நீதிபதி மாற மாட்டார். கேஸ் ஒர்க்கர் மாட்டினால் மாறுவார். மணியின் மாமனார் ஒரு எம்.எல்.ஏ.வைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம் போல.

கேஜிஎஃப் பையன்

சேகர் அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். நான் சட்டம் கடைசி வருடம். இவ்வளவு பெரிய வழக்குகளை எதற்கு மாவட்ட அளவில் விட வேண்டும்? முதலமைச்சர், மந்திரி என்றால் நேராக ஹைகோர்ட் நீதிபதியே விசாரித்தால் என்ன? அவருக்குத் தகுதி இன்னும் அதிகம்தானே?

சிட்டி சிவில் சேகர்

தம்பி, இதைச் செய்து பார்த்துத்தான் நாடே கையைச் சுட்டுக்கொண்டது. அந்துலே வழக்கைப் படித்திருப்பாயே?

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மகாராஷ்டிர முதல்வராக இருந்த அந்துலே, சிமென்ட் ஒதுக்கீட்டுக்கு அறக்கட்டளை பெயரில் நன்கொடை வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 1982இல் பதவி விலகினார். வழக்கு சிறப்பு நீதிபதியிடம் இருந்தது. 1984இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விசாரணை சீக்கிரம் முடியட்டும் என்று அதைத் தூக்கி பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் கொடுத்தது. யாருக்குமே தவறாகத் தோன்றாத உத்தரவு. நீ கேட்டதும் அதுதான்.

1988 ஏப்ரலில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவையே ரத்து செய்தது. ஏனென்றால் அப்போதிருந்த 1952ஆம் ஆண்டுச் சட்டம், இந்த வழக்குகளைச் சிறப்பு நீதிபதி மட்டுமே விசாரிக்க வேண்டும் என்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்தச் சட்டப்படி சிறப்பு நீதிபதி கிடையாது. மேலும், உயர் நீதிமன்றமே முதலில் விசாரித்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இடையில் ஒரு மேல்முறையீடு பறிபோகிறது. உச்ச நீதிமன்றமே ஆனாலும் சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை ஒரு நீதிபதிக்குக் கொடுக்க முடியாது என்று தன் சொந்த உத்தரவையே திருத்திக்கொண்டது.

அதனால் இங்கே உயரம் பேசவில்லை. சட்டம் எந்த நாற்காலியைக் காட்டுகிறதோ அதில் உட்கார்ந்தவருக்குத்தான் அதிகாரம். வராண்டா ஆசாமி சொன்ன "தீர்ப்பு நிற்காது" என்பது அந்துலேயைப் போன்ற நிலையில்தான் பொருந்தும்.

அல்சூர் கணேசன்

நீதிபதியே லஞ்சம் வாங்கினால்? 2012இல் சுரங்க வழக்கில் சிக்கிய முன்னாள் கர்நாடக மந்திரி ஜனார்தன ரெட்டிக்கு ஜாமீன் கொடுக்கக் காசு வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் ஐதராபாத்தில் சிபிஐ கோர்ட் நீதிபதி ஒருவரையே பிடித்தார்களே?

சிட்டி சிவில் சேகர்

அவருக்கும் இதே சட்டம்தான். சென்னை உதாரணமே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த வீராசாமி மீது சொத்துக் குவிப்பு வழக்கு. உயர் நீதிமன்ற நீதிபதியும் அரசு ஊழியர்தான், சட்டம் அவரையும் கட்டுப்படுத்தும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்குப் பதிவதற்கு முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலக்க வேண்டும் என்று ஒரு வேலியும் போட்டது. ஆக, முன்னாள் தலைமை நீதிபதியே ஆனாலும் மாவட்ட அளவிலான சிறப்பு நீதிபதி முன்னால்தான் நிற்க வேண்டும்.

லெட்ஜர் லலிதா

நான் கணக்குத் தணிக்கை செய்பவள், வக்கீல் இல்லை. நீங்கள் எல்லோரும் பதவியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு.

பவுடர் நோட்டு வழக்கு எளிது. கேட்டானா, வாங்கினானா, அவ்வளவுதான். சொத்துக் குவிப்பு வழக்கு அப்படியா? குறிப்பிட்ட சில வருடங்களை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் வந்த வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, சேர்ந்த சொத்து இவ்வளவு என்று கூட்டிக் கழிக்க வேண்டும். கடன் எது, கடன் வேஷத்தில் இருக்கிற காசு எது, கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை போட்ட மதிப்பு சரியா, பளிங்குக் கல் சதுர அடி என்ன விலை என்பது வரை இழுக்கும். இதற்கு உட்காருகிற நீதிபதிக்கு ஒரு இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியுமா என்று அந்த மூன்றாவது பிரிவில் யாரும் கேட்கவில்லையே.

கற்பனையாகப் பேசவில்லை. ஜெயலலிதா வழக்கில் 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்ததே, அந்தத் தீர்ப்பின் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறது. கீழே மொத்தம் 24.17 கோடி என்று எழுதியிருக்கிறது. கால்குலேட்டரை எடுத்து நீங்களே கூட்டினால் 10.67 கோடிதான் வரும். பதின்மூன்றரைக் கோடி காற்றிலிருந்து வந்து வருமானத்தில் உட்கார்ந்துவிட்டது. அதனால் வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து வெறும் 8.12 சதவீதம் ஆனது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்ற பழைய தீர்ப்பைக் காட்டி விடுதலை. சரியாகக் கூட்டியிருந்தால் அதே தீர்ப்பின் கணக்குப்படியே எழுபத்தாறு சதவீதத்தைத் தாண்டும்.

பத்தாம் வகுப்புக் கூட்டல் இது. உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று விசாரணை நீதிமன்றத் தீர்ப்பைத்தான் மறுபடி நிலைநிறுத்தியது. என் ஆபீசில் பயிற்சிக்கு வந்த ஒரு ஆர்டிகிள் பையன் இப்படிக் கூட்டல் போட்டிருந்தால் அன்று மதியம் அவன் சாப்பிடப் போயிருக்க மாட்டான்.

ஸ்ரீராம்புரம் சிவா

தப்பு செய்தது ஹைகோர்ட். சரியாகப் போட்டது கீழே இருந்த சிறப்பு நீதிபதி டி'குன்ஹா. அப்போ உங்கள் வாதமே கவிழ்கிறதே, லலிதா மேடம்? கீழே இருந்தவரும் கணக்குப் படித்தவர் இல்லை.

அல்சூர் கணேசன்

அம்மாவைப் பழிவாங்கத்தான் வழக்கைப் பெங்களூருக்கே கொண்டுவந்தார்கள். 2014 செப்டம்பர் 27, தண்டனைத் தீர்ப்பு வந்த நாள், மறக்குமா? கோர்ட் நடந்த பரப்பன அக்ரஹாரா பக்கம் தெருத் தெருவாகத் தடுப்பு போட்டார்கள். ஓசூர் பஸ் நின்றுபோய் ஜனங்கள் அத்திப்பள்ளியில் இறங்கி நடந்தார்கள். இதெல்லாம் அரசியல்.

மட்டுறுத்துநர்

கணேசன் அண்ணா, கட்சி அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. அங்கே போங்கள். இங்கே தகுதி பற்றி மட்டும்.

லெட்ஜர் லலிதா

சிவா, கவிழவில்லை. டி'குன்ஹா ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதினார், ஒவ்வொரு சொத்தாக உட்கார்ந்து பார்த்தார். அவர் பார்த்தது அவருடைய உழைப்பு. அடுத்து வருகிறவரும் அப்படியே உழைப்பார் என்று எந்தச் சட்டம் உறுதி தருகிறது? பெங்களூரிலேயே நீதித்துறை அகாடமி இருக்கிறது, போபாலில் தேசிய அகாடமி இருக்கிறது. ஆனால் சொத்துக் குவிப்பு வழக்குக்கு உட்காரும் முன் ஒரு கணக்குப் பயிற்சி கட்டாயம் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

கேஜிஎஃப் பையன்

டெல்லியில் 2ஜி வழக்கை விசாரித்த சைனி, நீதிபதி ஆவதற்கு முன் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். போலீஸ் எப்படி எழுதும் என்று உள்ளிருந்து தெரிந்தவர். அவரே கடைசியில், சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று வருடக்கணக்கில் காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை என்ற பொருளில் எழுதி 2017 டிசம்பரில் எல்லோரையும் விட்டுவிட்டார். நீதிபதிக்கு எவ்வளவு தகுதி இருந்தும், கொண்டுவந்து கொடுப்பதில்தானே அவரால் தீர்ப்பு எழுத முடியும்?

சிட்டி சிவில் சேகர்

நல்ல இடம் தம்பி. ஆனால் நான் லலிதா அம்மா பக்கம் பாதிதான் வருவேன். கணக்குத் தெரியாவிட்டால் நிபுணர் சாட்சி இருக்கிறார், தணிக்கையாளர் இருக்கிறார், இரண்டு பக்கமும் வக்கீல்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நான் பார்த்தவரை ஊழல் வழக்கைக் கொல்வது நீதிபதியின் அறியாமை இல்லை, அவருடைய மாறுதல்.

ஜெயலலிதா வழக்கையே எடுங்கள். 2003இல் இங்கே வந்தது. பச்சாபுரே, மல்லிகார்ஜுனையா, பாலகிருஷ்ணா என்று கைமாறி டி'குன்ஹாவிடம் வந்து 2014இல் முடிந்தது. 2011இல் ஜெயலலிதா பரப்பன அக்ரஹாராவுக்கு நேரில் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்தக் கேள்விகளைக் கேட்டது மல்லிகார்ஜுனையா. தீர்ப்பு எழுதியது வேறொருவர். கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்த்தார், எழுதியவர் காகிதத்தைப் பார்த்தார். பாலகிருஷ்ணா 2013 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற இருந்தபோது அவருக்கு நீட்டிப்பு வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனது யார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவரே. நீட்டிப்பு கிடைக்கவில்லை, டி'குன்ஹா வந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? தினமும் விசாரிக்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுதி ஆறாறு மாதமாக நீட்டலாம், எல்லாம் சேர்த்து நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதே சட்டத்தில், நடுவில் நீதிபதி மாறினால் முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே பின்னவர் தொடரலாம் என்றும் இருக்கிறது. நடைமுறைக்கு வேறு வழியில்லை. மாறிய நீதிபதிக்காக எல்லாச் சாட்சிகளையும் மறுபடி கூப்பிட்டால் ஒரு வழக்கும் முடியாது. கோடையில் மாறுதல் பட்டியல் வந்த பிறகு ஒரு கோர்ட் ஹாலுக்குள் போய்ப் பாருங்கள். புதிதாக வந்தவர் பைல் கட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "இது எந்த நிலையில் இருக்கிறது?" என்று பெஞ்ச் கிளார்க்கைத்தான் கேட்பார். கட்டை முழுக்கப் படித்து முடிக்க அவருக்கு மாதங்கள் ஆகும். நன்றாகப் பிடி கிடைக்கிற நேரத்தில் அடுத்த பட்டியல்.

தகுதி என்று ஏதாவது கூட்டச் சொன்னால் நான் இதைத்தான் கூட்டுவேன்: வாதத்துக்கு வந்த வழக்கை எழுதி முடிக்காமல் நகர்த்தக் கூடாது.

கேஜிஎஃப் பையன்

அப்போ செஷன்ஸ் நீதிபதி ஆவதற்கே என்ன தேவை என்று ஒரு வார்த்தை, அண்ணா. 2025இல் எல்லாமே மாறிவிட்டது என்கிறார்கள்.

சிட்டி சிவில் சேகர்

2025 மே மாதத் தீர்ப்புப்படி சிவில் நீதிபதித் தேர்வு எழுதவே மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நேராகப் பரீட்சை எழுதலாம் என்ற காலம் போய்விட்டது. மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு ஏழு வருட அனுபவம். முன்பு வக்கீல்களில் இருந்து மட்டும்தான் வர முடியும், 2025 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கீழ்நிலை நீதிபதிகளும் வக்கீல் அனுபவத்தையும் பணி அனுபவத்தையும் சேர்த்து ஏழு வருடம் காட்டினால் போட்டியிடலாம் என்றது. குறைந்தபட்ச வயது 35. மற்றபடி பதவி உயர்வு வழி எப்போதும் போல. நீ முதலில் ஒரு நல்ல சீனியரிடம் சேர், ட்ராப் கேஸ் (கையும் களவுமாகப் பிடிக்கிற லஞ்ச வழக்கு) நான்கு பார், அப்புறம் தேர்வைப் பற்றி யோசி.

கூடுதலாக ஒன்று: உதவி செஷன்ஸ் நீதிபதி என்ற பதவியே 2024இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கிடையாது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் பெயர் மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மர்பிடவுன் மணி

நன்றி சார். மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் நான் ஏற்கெனவே சொன்னதைப் புது ஜட்ஜ் கேட்கவே இல்லையே, காகிதத்தில் மட்டும்தானே படிப்பார்?" என்று அடுத்த கவலையைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வாய்ப்புக் கேட்கலாமா? இன்னொன்று, கூட வந்த சாட்சி பல்டி அடித்துவிடுவான் போலத் தெரிகிறது.

சிட்டி சிவில் சேகர்

தேவை என்று நீதிபதி நினைத்தால் சாட்சியை மறுபடி அழைக்கலாம், அதற்கு 311ஆம் பிரிவு. உங்கள் வழக்கு 2024 ஜூலைக்கு முன்பே நிலுவையில் இருந்ததால் பழைய நடைமுறைச் சட்டம்தான். ஆனால் நீங்களாக மனு போட்டுக் கிளறாதீர்கள், அது அரசு வக்கீல் வேலை. இழுத்தடிக்க வழி தேடுவது எதிர்த்தரப்பு. அவர்களுக்கு நீங்களே வழி காட்ட வேண்டாம். குறுக்கு விசாரணை புது நீதிபதி முன்னால்தானே நடக்கப் போகிறது? ட்ராப் வழக்கில் எடை அதற்குத்தான் அதிகம். பெரியவர் நிற்கிற விதத்தை அவர் நேரிலேயே பார்ப்பார்.

கூட வந்த சாட்சி பல்டி அடித்தாலும் பயப்பட வேண்டாம். 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரரே இறந்துபோனாலும் பிறழ்ந்தாலும்கூட, மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்துக் கேட்டதையும் வாங்கியதையும் நிரூபிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் புகார்தாரர் உறுதியாக நிற்கிறார், ரெக்கார்டரும் இருக்கிறது. வழக்கு விழுந்தால் இரண்டு இடத்தில்தான் விழும். ஒன்று, "காசு கேட்டார்" என்பதில் பெரியவர் தடுமாறுவது. மற்றது, வழக்குத் தொடர மேலதிகாரி கொடுத்த அனுமதி உத்தரவில் ஓட்டை. இரண்டாவது உங்கள் கையில் இல்லை.

லெட்ஜர் லலிதா

மணி, அவர் கொடுத்த புகாரையும் போலீஸ் அந்த இடத்திலேயே எழுதிய மகஜரையும் (நடந்ததன் பதிவு) ஒரு நாள் முன்னதாக அரசு வக்கீலிடம் உட்கார்ந்து படித்துவிடச் சொல்லுங்கள். 2019இல் நடந்தது, தேதி, நேரம், தொகை எல்லாம் குழம்பும். குறுக்கு விசாரணையில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

ஸ்ரீராம்புரம் சிவா

பேட்டா கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சாட்சிக்கு உரியது, யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

மர்பிடவுன் மணி

அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில். இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் சி.என்.ஆர். நம்பர் போட்டுப் பார்த்தேன், நீதிபதி பெயர் இன்னும் பழையவருடையதே காட்டுகிறது.

சிட்டி சிவில் சேகர்

அது அப்டேட் ஆக நேரம் பிடிக்கும். அன்று காலை பத்தரைக்குள் போய் ஹால் வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைப் பாருங்கள். சம்மன் ஒரிஜினலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.